4294967297 பகா எண் அல்ல

4294967297 = 641 × 6700417. கும்பகோணம் கல்லூரி லேப்பில் உங்கள் சி நிரல் இதைப் பகா எண் என்று சொல்வது தவறு.

காரணம் பெரும்பாலும் எண்ணை வைத்திருக்கும் இண்ட் (int, வழக்கமாக 32 பிட்) மாறிதான். இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியது. 32 பிட்டில் அடங்காமல் வெறும் 1 மிஞ்சும். வகுத்துப் பார்க்கும் லூப் ஓடவே ஓடாது, அதனால் பகா எண் என்று வந்துவிடும். எண்ணை வாங்கியதும் அச்சிட்டுப் பாருங்கள், 1 வந்தால் இதேதான். மாறியை 64 பிட் கொண்ட லாங் லாங் (long long) ஆக்குங்கள். லேப்பில் பழைய கம்பைலரான டர்போ சி என்றால் அதில் லாங் லாங் கிடையாது, ஜிசிசி (GCC) கம்பைலர் வேண்டும்.

கணித மேதை ஃபெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் இதைக் காரணிகளாக உடைத்தார். இதன் பகாக் காரணிகள் 128-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. அப்படிப்பட்ட பகா எண்களில் 257-க்கு அடுத்ததே 641. என்ன அழகு! ஆனால் இப்படிப்பட்ட பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்க்கும் குறுக்குவழி எல்லா எண்ணுக்கும் பொருந்தாது.