நீரில் ஒளிந்திருக்கும் ஹார்மோனைக் காட்டிக்கொடுக்கும் புரதம்

கேள்வி: ஹார்மோன்களைக் குலைக்கும் மாசுகள் நீரில் உள்ளனவா என்பதை, மாற்றியமைத்த புரதங்களைக் கொண்டு அறியலாம் என்று படித்தேன். ஆய்வகங்களில் உள்ள வேதியியல் கருவிகள் இதற்குப் போதாவா?

பதில்: கருவிகள் மிகத் துல்லியமானவை, ஆனால், பெரும்பாலும் நாம் தேடச் சொன்ன பொருளை மட்டுமே அவை தேடும். கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்பினால் ஏ, சில சலவைப் பொருள்கள் சிதைவதால் உண்டாகும் நோனைல்பினால் ஆகியவை வெவ்வேறு தொழில்களில் பிறந்த வெவ்வேறு பொருள்கள் என்றாலும், உடலுக்குள், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பற்றும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்னும் ஒரே புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. தனித்தனியே அற்பமாகத் தோன்றும் அளவுகள் ஒன்றுசேர்ந்து என்ன செய்யும் என்பதை அந்த ஏற்பியிடமே கேட்பதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து.

அற்பம் என்ற சொல்லையும் இங்கே எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு சிறிய ஏரியில், 2001 முதல் 2003 வரை கோடைதோறும் லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் வரை இருக்கும்படி எத்தினைல் எஸ்ட்ராடியாலைக் கலந்தார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவுக்கே ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்குரிய புரதம் உருவானது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறு மீனினம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது.

பிரிட்டன் ஆய்வாளர்களான எட்வின் ரூட்லெட்ஜும் ஜான் சம்ப்டரும் 1996இல் வெளியிட்ட முறையில், மனித ஏற்பியின் மரபணு ஈஸ்ட்டுக்குள் வைக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜனைப் போன்ற பொருள் ஏற்பியைப் பற்றினால் ஈஸ்ட் ஒரு நொதியை உண்டாக்கும். அந்த நொதி மஞ்சள் சாயத்தைச் சிவப்பாக்கும். ஈஸ்ட் முறைக்கு 2018இல் ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் தரநிலையும் வந்துவிட்டது.

புரதத்தையே மாற்றியமைக்கும் முயற்சி இதைவிட நுட்பமானது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜியோஸ் ஸ்க்ரேடாஸும் டேவிட் வுட்டும், ஏற்பியில் ஹார்மோனைப் பற்றும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வேறு புரதத் துண்டுகளின் துணையோடு, டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருளை ஆக்கும் ஒரு நொதியுடன் இணைத்தார்கள். அந்த நொதியைத் தானாகச் செய்ய இயலாத ஈ.கோலை பாக்டீரியாவில் இந்தக் கூட்டுப் புரதத்தை வைத்தால், ஹார்மோன் பற்றும்போது பற்றும் பகுதியின் வடிவம் மாறி, அம்மாற்றம் நொதியையும் எட்டி, பாக்டீரியா வளரத் தொடங்குகிறது. திரவம் கலங்குவதே விடையாகிறது.

மாசு எது என்று இச்சோதனை பெயர் சொல்லாது. அதற்குக் கருவிதான் வேண்டும். ஆகவே முதலில் புரதத்தால் சலித்து, ஐயத்துக்குரிய மாதிரிகளை மட்டும் கருவிக்கு அனுப்புவதே செலவுக்கும் காலத்துக்கும் ஏற்றது. இன்னொன்றிலும் கவனம் வேண்டும்: நீரிலுள்ள வேறு நஞ்சு பாக்டீரியாவையே கொன்றுவிட்டாலும் திரவம் தெளிவாகவே இருக்கும். எனவே, அதே மாதிரியில் தெரிந்த அளவு எஸ்ட்ராடியால் என்னும் இயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்து, அப்போதாவது பாக்டீரியா வளர்கிறதா என்று பார்த்த பிறகே அந்த நீரில் ஈஸ்ட்ரோஜன் மாசு இல்லை என்று எழுத வேண்டும்.