கோட்டைச் சுவரின் நிழல் என்ன நிறம்?

கேள்வி: மோனே, செசான், பிக்காசோ என்று நவீன ஓவியர்களைப் புகழ்கிறார்கள். எனக்கோ எல்லாமே பாதியில் விட்ட படமாகத்தான் தெரிகிறது. புரிந்த மாதிரி தலையாட்டாமல் நிஜமாகவே ரசிக்க வழி உண்டா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உண்டு. உங்கள் புகாருக்கு வயது 150 ஆகிறது. 1874ல் பாரிஸில் மோனேயின் சூரியோதயப் படத்தைப் பார்த்த லூயி லெரோய் என்ற பத்திரிகைக்காரர், சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முடிந்த வேலை என்று நக்கலடித்தார். என்ன அர்த்தம் என்று துருவுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு நிறத்தில் ஆரம்பியுங்கள்.

ஓர் அஞ்சலட்டையின் நடுவில் சுண்டுவிரல் நுனியளவு ஓட்டை போடுங்கள். வெயில் அடிக்கும் காலையில் வேலூர் கோட்டைக்குப் போய், கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அந்த ஓட்டை வழியாக வெயிலில் இருக்கும் கல்லையும் நிழலில் இருக்கும் கல்லையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கருங்கல் என்றால் சாம்பல் நிறம் என்று மூளை அடம்பிடிக்கும். ஓட்டையில் தெரிவதோ வெயிலில் மஞ்சள் சாயல், நிழலில் நீலச் சாயல். நிழலுக்குள் வெளிச்சம் விழுவது நீல வானத்திலிருந்து, அதுதான் காரணம். (மேகமூட்டமான நாளில் போய் ஏமாந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் கணக்கு மாறியிருக்கும். பிரான்சில் ருவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை மோனே 30 தடவைக்கு மேல் வரைந்தது இதைப் பிடிக்கத்தான்.

அடுத்து, அதே சூரியோதயப் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஆரஞ்சுச் சூரியன் அநேகமாகக் காணாமல் போய்விடும்! சூரியனும் சுற்றியுள்ள வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு; பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமே. அதனால்தான் அந்தச் சூரியன் துடிப்பதுபோல் இருக்கிறது. உங்கள் பிரதியில் சூரியன் பளிச்சென்று வெள்ளையாக நின்றால், யாரோ நிறத்தை ஏற்றிக் கெடுத்த பிரதியாக இருக்கலாம்.

கைபேசி அளவையும் தின்றுவிடும். மோனேயின் இந்தப் படம் 48×63 செ.மீ.; இன்னொரு பிரெஞ்சு ஓவியரான சோராவின் கிராந்த் ஜாத் தீவுப் படம் சுமார் 2 மீட்டருக்கு 3 மீட்டர். திரையில் இரண்டும் ஒன்றுதான். சாக்பீஸால் தரையில் அளவைப் போட்டுப் பார்த்தால் உறைக்கும்.

ரவிவர்மா காலண்டரிலிருந்து நேரே பெயின்டைச் சொட்டவிட்டு வரைந்த பொல்லாக்குக்குத் தாவுகிறவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். நடுவில் செசான் வேண்டும். அவருடைய ஆப்பிள் கூடைப் படத்தில் மேசையின் முன்விளிம்பில் ஸ்கேலை வையுங்கள்: துணிக்கு இடப்பக்கம் போகும் கோடு வலப்பக்கம் சேராது. ஒரே மேசையை இரண்டு இடத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதை ஏற்றுக்கொண்டால், பிக்காசோவின் கோணல் மூக்கு அவ்வளவு மிரட்டாது.

அசல் பார்க்க காட்பாடியில் காலை ரயில் ஏறி, சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் போய்வாருங்கள், கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966ல் தொடங்கிய ஓவியர் கிராமம். எல்லாவற்றையும் பார்க்காதீர்கள், 3 படம் போதும். தலைப்பைக் கடைசியில் படியுங்கள். பணிக்கரின் படங்களில் ஜாதகக் கட்டமும் எழுத்துமாக வந்தால் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்காதீர்கள். படிக்க முடியாதபடிதான் எழுதியிருக்கிறார்.