தனியார் ஹெலிகாப்டர் வந்து மீட்டால் நமக்கு பில் வருமா?

கேள்வி: கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். வார இறுதிகளில் நண்பர்களோடு கிளென்கோ பக்கம் மலையேறப் போவேன். மீட்பு ஹெலிகாப்டரை இப்போது தனியார் கம்பெனிதான் ஓட்டுகிறது என்கிறார்கள். கால் முறிந்து அவசர எண் 999-ஐக் கூப்பிட்டால் பில் நம் தலையில் விழுமா? இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: விழாது. பிரிட்டன் முழுக்கவே மலையிலோ கடலிலோ மீட்கப்பட்டவரிடம் ஒரு பவுண்டுகூடக் கேட்பதில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செலவாகுமோ என்று தயங்கித் தயங்கி இருட்டிய பிறகு போன் செய்வதுதான் மலையில் பெரிய ஆபத்து.

ஹெலிகாப்டர், பைலட், வின்ச் கம்பியில் இறங்குகிற ஆள், பராமரிப்பு எல்லாம் பிரிஸ்டோ என்ற தனியார் கம்பெனியுடையது. ஆனால் எந்த அழைப்புக்கு எதை அனுப்புவது என்று முடிவு செய்வது அரசின் கடலோரக் காவல் அமைப்பான கோஸ்ட்கார்ட். பணமும் ஒப்பந்தப்படி அரசு கஜானாவிலிருந்துதான் போகிறது.

இந்த வேலையை ஏன் ராணுவத்திடமிருந்து தனியாருக்கு மாற்றினார்கள் என்றால், பெரிய காரணம் வயசு. விமானப்படையின் மஞ்சள் நிற சீ கிங் ஹெலிகாப்டர் 1970-களின் கடைசியில் மீட்புப் பணிக்கு வந்தது. நான் பல வருடம் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன், பழைய எந்திரம் என்றால் என்னவென்று கையால் தொட்டுத் தெரியும். கியர்பாக்ஸ் எண்ணெயில் விரல் நுனி அளவுக்கு ஒரு காந்த முனை இருக்கும், அதைக் கழற்றித் துணியில் துடைத்துப் பார்ப்போம். முடி மாதிரி ஒரு உலோகத் துணுக்கு ஒட்டியிருந்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை வண்டி பறக்காது. வயசாக ஆக இந்த மாதிரி நிறுத்தம் கூடிக்கொண்டே போகும், உதிரி பாகமும் சுலபத்தில் கிடைக்காது.

மாற்றம் நேராக நடந்துவிடவில்லை. முதல் டெண்டரில் ஒரு தரப்புக்கு ரகசிய வணிகத் தகவல் போய்ச் சேர்ந்தது தெரிந்து 2011 பிப்ரவரியில் எல்லாவற்றையும் ரத்து செய்தார்கள், அந்தத் தாமதத்தையும் அதே கிழட்டு சீ கிங்தான் சுமந்தது. அப்புறம் 2013-ல் 160 கோடி பவுண்டுக்கு பிரிஸ்டோவோடு பத்து வருட ஒப்பந்தம். 2015 ஏப்ரலில் வேலை தொடங்கியது, அக்டோபரில் விமானப்படை முழுதாக விலகியது. 12 தளங்கள் பத்தாகக் குறைந்தன. தளத்தை இழந்த ஊர்க்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிரிஸ்டோ கொண்டுவந்த எஸ்-92 ஹெலிகாப்டர் சீ கிங்கைவிட வேகமானது. ஆபத்து அதிகமுள்ள பகுதிகளில் அரை மணிக்குள் எட்டக்கூடியவை 55 சதவீதத்திலிருந்து 70 ஆகும் என்று அரசே அப்போது கணக்கு சொன்னது. என் பார்வையில் அந்த முன்னேற்றம் புது எந்திரத்தால் வந்தது, தனியார் என்பதால் அல்ல. பகலில் 15 நிமிடம், இரவில் 45 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும் என்கிற மாதிரி விதிகளை அரசு விடாமல் கண்காணிக்கிறதா என்பதுதான் முக்கியம்.

2022-ல் போட்ட அடுத்த ஒப்பந்தத்தில் ஃபோர்ட் வில்லியமில் ஒரு பருவகாலத் தளம் சேர்ந்தது. கிளென்கோவுக்கு அது பக்கம், உங்களுக்கு நல்ல செய்தி. ஆனால் மேகம் இறங்கிவிட்டால் எந்த ஹெலிகாப்டராலும் மேலே வர முடியாது, அப்போது சம்பளம் வாங்காத மலை மீட்புத் தொண்டர்கள்தான் நடந்தே வருவார்கள். முடிந்தபோது அவர்களுக்கு நன்கொடை கொடுங்கள்.

இன்சூரன்ஸ் உள்ளூர் மலைக்குத் தேவையில்லை. ஆல்ப்ஸ் போனால் கட்டாயம் எடுங்கள். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டருக்கு பில் வரும், வெளிநாட்டில் சிகிச்சைக்காக பிரிட்டன் தருகிற ஜிஹெச்ஐசி அட்டையில் மலை மீட்பு அடங்காது.

மலையில் 999-ஐ அழைத்தால் முதலில் போலீஸைக் கேட்டு, அப்புறம் மலை மீட்பு என்று சொல்லுங்கள். ஹெலிகாப்டர் தெரிந்ததும் பை, தொப்பி, பாய் எல்லாவற்றையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், டார்ச்சை அதன் மேல் நேராக அடிக்காதீர்கள். தொங்கி வரும் கம்பியை அவசரப்பட்டுப் பிடிக்கவே கூடாது. அதில் நிலை மின்சாரம் ஏறியிருக்கும், தரையைத் தொட்டு அது இறங்கட்டும். சிக்னல் குறைந்த இடத்தில் பேச முடியாவிட்டாலும் எஸ்எம்எஸ் போகலாம், ஆனால் அதற்கு முன்பதிவு வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாடியே ரெஜிஸ்டர் என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வருகிற பதிலில் சொல்வதைச் செய்துவிடுங்கள். கூட வருகிற நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள், விழுகிறவரின் போன் உடைந்துபோயிருக்கலாம்.