விளையாட்டு வீராங்கனையின் வீட்டில் கணவனுக்கு என்ன வேலை?

தொழில்முறை விளையாட்டில் இருப்பவர்கள் வீட்டில் கணவனும் மனைவியும் பொறுப்புகளை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனைவி நீண்ட தூர ஓட்ட வீராங்கனை. திருமணமாகி எட்டு வருடம் ஆகிறது, மகளுக்கு நான்கு வயது. எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

பிரிப்பது நாங்கள் இல்லை, போட்டி அட்டவணைதான். போட்டி நெருங்கும் வாரத்தில் மகளுக்குச் சளி பிடித்தால் மனைவி வேறு அறையில் படுத்துக்கொள்வாள். தொற்றிக்கொண்டால் மூன்று மாதப் பயிற்சி போய்விடும். மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு ராத்திரி காய்ச்சலில் "அம்மா வேணும்" என்று அழுதுகொண்டே இருந்தாள். அந்த அறையின் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. அவளும் தூங்கவில்லை. கதவு திறக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தேன். காலையில் ஓடக் கிளம்பும்போது மாஸ்க் போட்டுக்கொண்டு, அறை வாசலிலேயே நின்று, தூங்கும் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

இதைக் கேட்பவர்கள் என்னிடம் "உங்களுக்குப் பெரிய மனசு" என்பார்கள். அவளிடம் "எப்படித்தான் மனசு வருதோ" என்பார்கள். இரண்டுமே எனக்கு வலிக்கும்.

ரோஜர் ஃபெடரரின் மனைவி மிர்காவும் டென்னிஸ் வீராங்கனைதான். உலகத் தரவரிசையில் 76ஆம் இடம்வரை வந்தவர், கால் காயத்தால் 2002இல் ஆட்டத்தை விட்டார். அப்புறம் இரண்டு முறை இரட்டைக் குழந்தைகள். நான்கு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கணவரோடு நாடு நாடாகப் போனார். அவர் பார்த்ததும் நான் பார்ப்பதும் ஒரே வேலை. அவர் செய்தால் கடமை, நான் செய்தால் பெருந்தன்மையா?

ஒன்று மட்டும் நிஜமாகவே வேறு. ஓட வேண்டிய அதே உடம்புதான் பிள்ளையும் பெற வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று நாங்கள் பேச உட்கார்ந்த அன்று முதலில் எடுத்துப் பார்த்தது விளம்பர ஒப்பந்தம் முடியும் தேதியை. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் பழைய வேகம் இல்லை என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் உறுதி கேட்டார் அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ். அவருடைய விளம்பர நிறுவனமான நைக்கி தரவில்லை. 2019 மே மாதம் அவர் அதை வெளிப்படையாக எழுதினார். வேறு வீராங்கனைகளும் பேசினார்கள். ஆகஸ்டில் நைக்கி தன் கொள்கையை மாற்றியது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றபோது அவர் மகளுக்கு இரண்டு வயது. அந்த ஓட்டத்தை நாங்கள் இருவரும் கண் கலங்கித்தான் பார்த்தோம்.

அடுத்த வருடம் என் மனைவி ஓய்வு பெறுகிறாள். நான் விட்ட முழுநேர வேலைக்குத் திரும்பப் போக விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டேன். மகளுக்குச் சடை பின்ன அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறேன்.