துளையில்லா ஒரு சென்ட்டும் இரண்டு டாலர் கிரயப் பத்திரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தபால்தலை சேகரிப்பில் இருந்த நான் அண்மையில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ரெவின்யூ ஸ்டாம்புகள் பக்கம் வந்தேன். இணைய ஏலத்தில் மூன்று உருப்படிகள் வாங்கினேன். முதலாவது, ‘ப்ரொப்ரைட்டரி’ (மருந்து போன்ற கடைச் சரக்குகளுக்கான வரி) என்று போட்ட 1 சென்ட் சிவப்பு. நான்கு பக்கமும் துளை இல்லை, பேனாவால் 1867 என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது, 1866-இல் 1,800 டாலருக்கு எழுதிய நிலக் கிரயப் பத்திரம், அதில் 2 டாலர் ‘கன்வேயன்ஸ்’ (சொத்துக் கிரயம்) ஸ்டாம்ப். மூன்றாவது, 50 சென்ட் நீலம், நடுவில் கறுப்பில் வாஷிங்டன், முதுகில் பழைய தாள் ஒட்டியிருக்கிறது. முதலாவது அசல்தானா? பேனா எழுத்தைப் போக்கலாமா? பத்திரத்திலிருந்து ஸ்டாம்பை எடுக்கலாமா? மூன்றாவதைத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

ம.செ., சேலம்

அன்புள்ள ம.செ.,

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், நீங்கள் ஏற்கெனவே தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கக்கூடும் என்பதால். ஊறவைக்காதீர்கள். உங்களுடையது 1871-இல் வந்த இரண்டாம் வெளியீடு. பயன்படுத்திய ஸ்டாம்புகளை ரசாயனத்தில் கழுவி மறுபடி ஒட்டும் மோசடி பெருகியதால்தான் பட்டு இழை கலந்த, லேசான ஊதா சாயலுள்ள தனித் தாளையும் எளிதில் கரையும் மையையும் கொண்டுவந்தார்கள். கழுவ முயன்றால் ஸ்டாம்பே கெடவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம், இன்றும் அது தன் வேலையைச் செய்யும். நீலச் சட்டகம் வெளிறி, தாளில் பரவிவிடும். முதுகில் உள்ள தாள் அப்படியே இருக்கட்டும். ஹெரிங்போன் (மீன்முள்) வடிவில் வெட்டுக்கீறல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரத்துக்காகக் கீறிய பிரதிகளுக்குக் கேட்லாக்கில் விலை வெகுவாகக் குறையும். அந்தக் கீறல் பிரியாமல் தாங்கிப் பிடிப்பது பல சமயம் முதுகில் உள்ள தாள்தான்.

பேனா எழுத்தைப் போக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். நம்மூரில் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போடுகிறோம். அதே முறைதான் அங்கும். 1862 ஜூலை 1-இல் லிங்கன் கையெழுத்திட்ட வரிச் சட்டம், ஒட்டுபவர் தன் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் ஸ்டாம்ப் மீது எழுதவேண்டும் என்றது. எனவே பேனா எழுத்து இந்தத் துறையில் குறை ஆகாது. தெளிவான தேதி இருந்தால் அது நமக்குக் கிடைத்த சாட்சி. ரப்பர் அல்லது உலோக முத்திரை, குறிப்பாக வண்ண மையில் குத்தியது, கூடுதல் விலை பெறும் என்பது உண்மை. அதற்காக எழுத்தை அழித்தால் அது ‘பயன்படுத்தாத’ பிரதியாகிவிடாது. அந்தக் கால எழுத்து மை இரும்புச் சத்துள்ளது. அமிலம் போட்டால் கண்ணுக்கு மறையும், 365 நானோமீட்டர் யூ.வி. டார்ச்சில் கறுப்பாக எழுந்து நிற்கும். மலிவான 395 டார்ச்சில் இது சரியாகத் தெரியாது, வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஏலத்தில் பசையில்லாத, ‘பயன்படுத்தாத’ உயர் மதிப்பு ஸ்டாம்ப் கிடைத்தால் முதல் வேலை இந்த டார்ச் சோதனைதான்.

இனி உங்கள் 1 சென்ட். இங்கேதான் பணம் இருக்கிறது, ஏமாற்று வேலையும் இங்கேதான்.

வரி 1862 அக்டோபர் 1 முதல் அமல். ஃபிலடெல்ஃபியாவின் பட்லர் அண்ட் கார்பென்டர் நிறுவனம்தான் அச்சடித்தது. அவசரத்தில் துளையிடும் வேலை தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. துளையே இல்லாத தாள்களும், ஒரு திசையில் மட்டும் துளையிட்ட தாள்களும், முழுத் துளையிட்டவையும் கடைகளுக்குப் போயின. அமெரிக்க சேகரிப்பாளர்கள் பின்பற்றும் ஸ்காட் கேட்லாக் இவற்றை முறையே ஏ, பி, சி என்று பிரிக்கிறது. பின்னாளில் பட்டு இழைத் தாளில் வந்தவை டி. ஒரே வடிவம், ஒரே நிறம், ஆனால் விலை மலைக்கும் மடுவுக்கும். 1 சென்ட் ப்ரொப்ரைட்டரி முழுத் துளையுடன் ஒரு டாலருக்குள் கிடைக்கும். துளையில்லாதது அதைப்போலப் பற்பல மடங்கு. கத்தரிக்கோல் வைத்திருக்கும் யாருக்கும் இந்த வித்தியாசம் என்ன செய்யத் தூண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோதனை இப்படி. அதே 1 சென்ட்டின் முழுத் துளைப் பிரதிகள் ஐந்தாறு வாங்குங்கள், செலவு சொற்பம். அரை மில்லிமீட்டர் கோடிட்ட அளவுகோலில் பல்லின் நுனியிலிருந்து எதிர்ப்பல்லின் நுனிவரை, குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஸ்டாம்புடன் பகிர்ந்துகொள்ளும் இடைவெளியில் பாதிதான் துளைப் பிரதிக்குக் கிடைக்கிறது. பற்களை நறுக்கிவிட்டால் அதுவும் குறையும். ஆகவே உங்கள் பிரதி இரண்டு திசையிலும் அந்த அளவுகளைவிடப் பெரிதாக இல்லையென்றால், நறுக்கியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் வடிவத்தை உரசி நின்றால் சந்தேகம் இன்னும் கூடும். துளையிடும்போது தாள் நகர்ந்ததால் பெரிதாகப் போன பிரதிகளைத்தான் ஆசாமிகள் தேடிப் பிடித்து நறுக்குகிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், துளையின் அடிப்பகுதி மெல்லிய குழிவாக எங்காவது தப்பியிருக்கும்.

உங்கள் பிரதியில் இருக்கும் 1867 என்ற தேதியும் ஒத்துவரவில்லை. துளையில்லாதவை பெரும்பாலும் 1862, 1863-இல் செலவானவை. பழைய இருப்பைப் பின்னாளில் ஒட்டியவர்களும் உண்டு, அதனால் தேதி ஒன்றே தீர்ப்பாகாது. குறுகலான விளிம்பும் பிந்திய தேதியும் சேர்ந்து வந்தால் நான் பணம் கொடுக்கமாட்டேன்.

ஜோடியாக வாங்கினால் பாதுகாப்பு என்பார்கள், பெரும்பாலும் சரி. ஆனால் ஒரு திசையில் மட்டும் துளையிட்ட ஜோடியில் வெளிப்பக்கப் பற்களை நறுக்கினால் அதுவும் ‘துளையில்லா ஜோடி’ ஆகிவிடும். எனவே நடுவில் துளை இல்லை என்பதோடு நிற்காமல் ஜோடியின் வெளி விளிம்புகளையும் அளக்க வேண்டும்.

அரிய ஸ்டாம்ப் வேண்டும், விளிம்புச் சண்டை வேண்டாம் என்றால் 6 சென்ட் ப்ரொப்ரைட்டரியைத் தேடலாம். அது 1871-இல்தான் வந்தது, முழுத் துளையில் மட்டுமே. மருந்துப் புட்டிகளில் 25 சென்ட் விலைக்கு 1 சென்ட் வரி, ஒரு டாலருக்கு மேல் ஒவ்வொரு 50 சென்ட்டுக்கும் 2 சென்ட். கணக்குப் போட்டால் 6 சென்ட் ஒன்றரை டாலர் சரக்குக்குத்தான் வேண்டும், அத்தனை விலைச் சரக்கு எத்தனை விற்றிருக்கும்? அதே ஆண்டு ப்ரொப்ரைட்டரிக்கென்றே தனி வரிசை வந்து இதை ஓரங்கட்டியது. மூடியில் ஒட்டி, திறக்கும்போது கிழிந்தவை என்பதால் பழுதில்லாப் பிரதியை எதிர்பார்க்காதீர்கள். லேசான கிழிசலுக்கு முகம் சுளித்தால் இந்த ஸ்டாம்ப் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

பத்திரம்தான் மூன்றில் எனக்குப் பிடித்தது. 1864 ஆகஸ்டிலிருந்து கிரயத்துக்கு ஒவ்வொரு 500 டாலருக்கும், அதன் பகுதிக்கும், 50 சென்ட். 1,800 டாலர் என்றால் நான்கு பகுதி, 2 டாலர். ஸ்டாம்ப் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஸ்டாம்ப் மீதுள்ள முதலெழுத்து விற்றவருடையதா, தேதி பத்திரத் தேதிதானா, மைக்கோடு ஸ்டாம்பிலிருந்து தாளுக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் பின்னாளில் யாரும் ஒட்டிச் சேர்க்கவில்லை என்று நம்பலாம். பிய்த்தெடுத்தால் கையில் மிஞ்சுவது இன்னுமொரு 2 டாலர் சிவப்பு. பத்திரத்தோடு இருந்தால் வரி விகிதத்தின் ஆவணம். ஒன்று கவனியுங்கள்: வேறொரு கிரயப் பத்திரத்தில் ‘மார்ட்கேஜ்’ (அடமானம்) ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் பிழை என்று நினைத்து ஒதுக்காதீர்கள். 1862 டிசம்பர் 25-க்குப் பிறகு, ப்ரொப்ரைட்டரி நீங்கலாக, எந்தப் பெயருள்ளதையும் எதிலும் ஒட்டலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பத்திரத்தை ஸ்டாம்ப் மடிப்பில் விழாதபடி விரித்து, பி.வி.சி. உறையில் இல்லாமல் பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். மழைக்காலத்தில் பீரோவில் அடைத்தால் வெள்ளிப்பூச்சி வரும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

1 சென்ட்டை நியூயார்க்கின் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷனுக்கோ அமெரிக்க ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழுவுக்கோ அனுப்பிச் சான்று வாங்கலாம். ஆனால் மேலே சொன்ன அளவில் தோற்றால் கட்டணமும் தபால் செலவும் வீண். ஏல விதிகளில் திருப்பியனுப்பும் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, அளந்த எண்களோடும் முன்பக்க, பின்பக்கப் படங்களோடும் விற்றவருக்கு இன்றே எழுதிவிடுங்கள்.