கல்லூரி மேடையில் நகைச்சுவை நாடகம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றம் ஆண்டு விழாவில் அரை மணி நேர நகைச்சுவை நாடகம் ஒன்றை மேடையேற்ற இருக்கிறது. நாங்கள் எட்டுப் பேர். அதில் ஆறு பேர் பெண்கள். சபா நாடக வசனங்களை வாசிக்கும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஒத்திகையில் எழுந்து நின்று பேசினால் எங்களுக்கே சிரிப்பு வருவதில்லை. எந்த நாடகத்தை எடுக்கலாம்? அனுமதி வாங்க வேண்டுமா?

ஒரு மாணவி, சென்னை

அன்புள்ள மாணவிக்கு,

குறை உங்கள் நடிப்பைவிடத் தேர்வில்தான் அதிகம் இருக்கிறது. சபாக்கள் எனப்படும் சென்னைக் கலை அமைப்புகளின் மேடைகளில் நடக்கும் நகைச்சுவை நாடகங்களில் பெரும்பகுதி குறிப்பிட்ட நடிகர்களின் நாக்குக்கும் வேகத்துக்கும் அளவெடுத்து எழுதப்பட்டது. அப்படிப்பட்ட நாடகங்களை எழுதிய கிரேசி மோகன் 1972இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோது, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காகவே நாடகம் எழுதத் தொடங்கினார். ஆனால் 1979இல் அவர் தொடங்கிய சொந்தக் குழுவில் பழகிய முகங்களே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நடித்ததால்தான், ஒருவர் வாய் மூடுமுன் அடுத்தவர் பிடித்துக்கொள்ளும் அந்த வேகம் கைகூடியது. ஒரே பருவத்தில் அதை எட்ட முயலும் மாணவர்கள் வசனத்தை ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே, கதையின் சிக்கலே சிரிப்பைச் சுமக்கும் நாடகத்தை எடுங்கள். என் முதல் பரிந்துரை பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’. எஜமானருக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரனோ சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே செய்கிறவன். முடிச்சு இவ்வளவுதான். அவன் தன் அறிவுக்கு எட்டியவரை விசுவாசமாகவே உழைக்கிறான் என்பதை அந்த வேடம் ஏற்பவர் மனதார நம்பி நடித்தால், மிகச் சாதாரணமான வாக்கியத்துக்கும் அரங்கம் சிரிக்கும். ‘நான் எவ்வளவு வேடிக்கை பார்த்தீர்களா’ என்று முகத்தில் காட்டத் தொடங்கினால் நாடகம் அந்த இடத்திலேயே படுத்துவிடும். 1941இல் வந்த திரைப்படத்தைப் பாருங்கள், ஆனால் அதன் நடிகர்களைப் போலச் செய்யாதீர்கள்.

சம்பந்த முதலியார் தமது 18ஆவது வயதில், 1891இல், சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஆர்வத்தால் நடித்த அமெச்சூர் சபை. அங்கே பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றார்கள். எனவே நீங்கள் ஆறு பேரும் ஆண் வேடம் போடத் தயங்க வேண்டியதில்லை. பெண் மீசை வைத்துக்கொண்டு வருவதையே நகைச்சுவையாக்கிவிட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். திக்குவாய், கறுப்பு நிறம், பருமன் ஆகியவற்றைக் காட்டிச் சிரிக்க வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அந்த உடலோடு, அந்தத் திக்கலோடு உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

அனுமதி பற்றி: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்தும் நாடகத்துக்கு, பார்வையாளர்கள் அந்த நிறுவனத்தைச் சார்ந்தவர்களாகவும் பெற்றோர்களாகவும் இருக்கும்வரை, விலக்கு அளிக்கிறது. கட்டணமில்லாமல் நடத்தும் அமெச்சூர் குழுவுக்கும் விலக்கு உண்டு. டிக்கெட் விற்பதாக இருந்தால், உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். சம்பந்த முதலியார் 1964இல் காலமானார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்பதே சட்டம் தரும் பதிப்புரிமைக் காலம் என்பதால், அவருடைய நாடகங்களுக்கு 2024உடன் அந்தக் காலம் முடிந்துவிட்டது.

மாணவர் குழுக்கள் பழகாமல் விட்டுவிடும் ஒன்று, சிரிப்புக்குக் காத்திருப்பது. அரங்கம் சிரிக்கத் தொடங்கியதும் பதறிப்போய் அடுத்த வசனத்தைச் சொன்னால் அது யார் காதிலும் விழாது. சிரிப்பு முழுக்க அடங்கும்வரை மரம்போல் நின்றால் காட்சி ஆறிப்போகும். சிரிப்பு உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் இடத்தில் அடுத்த வசனம் எழ வேண்டும். அதுவரை கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும்: வேலைக்காரன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடிக்கலாம், எஜமானர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கலாம். எங்கே சிரிப்பு எழும் என்பது உங்கள் எட்டுப் பேருக்கும் இப்போது தெரியாது, ஏனென்றால் உங்களுக்குக் கதை மனப்பாடம். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பாகவே வேறு துறை மாணவர்கள் பத்துப் பேரை உட்கார வைத்து முழு நாடகத்தையும் நடித்துக் காட்டுங்கள். நடிக்காத ஒருவர் கையில் பிரதியைக் கொடுத்து, சிரித்த இடங்களையெல்லாம் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.