தேங்காய் எண்ணெயும் ரெம்ப்ராண்டும்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். இதுவரை வாட்டர் கலர்தான். இப்போது ஒயில் பெயின்டிங் பழக, டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் இளவயதில் தன்னையே வரைந்த படத்தை ஃபோனில் பார்த்து வரைகிறேன். முகம் சேறு பூசியது போல் வருகிறது. டியூப் விலை கட்டுப்படியாகாமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்தேன். ஒரு மாதமாகியும் கையில் ஒட்டுகிறது. குளிர்தான் காரணமா? ‘பார்த்து வரைவதெல்லாம் கலையா’ என்று ஆசிரியர் அறையில் கேலி வேறு. படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

குளிரின் மேல் பழி போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் கலந்த பெயின்ட் மட்டக்களப்பு வெயிலிலும் காயாது. ஒயில் பெயின்டில் வற்றிப்போக ஒன்றுமில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனை வாங்கி மெல்ல மெல்ல இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. உங்கள் ஊர்க் காலையில் அது போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும், அடுப்பருகே வைத்தால் இளகிவிடும். அது காய்வதல்ல. மலைக் குளிர் காய்வதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அடிப்பூச்சுக்கு அம்பர் என்ற மண்ணிறப் பெயின்டை எடுங்கள். அதிலுள்ள மாங்கனீசு சீக்கிரம் காய வைக்கும்.

சேறும் இங்கிருந்துதான் வருகிறது. கீழ்ப்பூச்சு காயாமலே மேலே மேலே தீட்டினால் எல்லாம் கலந்து ஒரே களிம்பாகும். போதாக்குறைக்கு நிழலுக்குள் வெள்ளையும் கலந்திருக்கிறீர்கள். கூச்சப்படாமல் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். முதலில் அம்பரை டர்பன்டைனில் மெல்லிசாகக் கரைத்து வெளிச்சம், நிழல் மட்டும். அது காய்ந்த பிறகே நிறம். மேலே போகப் போக எண்ணெய் கொஞ்சம் கூடலாம், குறையக்கூடாது. ஃபோனிலுள்ள படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி வைத்துக்கொண்டால் முதல் கட்டம் பாதி சுலபம்.

(ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.)

நீங்கள் தெரிந்தெடுத்த படம் அருமையானது. மோனாலிசாவில் தொடங்காமல் விட்டீர்களே! 1628 அளவில், 22 வயதுக்காரர் வரைந்தது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. உயரம் 23 செ.மீ. கூட இல்லை. வெளிச்சம் ஒரு கன்னத்திலும் கழுத்திலும்தான் விழுகிறது. கண்களை இருட்டுக்குள் விட்டுவிட்டார் மனிதர். நீங்களோ இரண்டு கண்ணையும் தேடிப்பிடித்து ஆளுக்கொரு வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறீர்கள்! முகம் என்றதும் கண்ணைத் தேடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அதைக் கைவிடப் பழகத்தான் இந்தப் படம்.

அப்புறம் அந்தச் சுருட்டை முடி. நீங்கள் ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறீர்கள். அவர் தீட்டவில்லை, கீறினார். ஈரப் பெயின்டில் தூரிகையின் பின்முனையால் இழுத்து, அடிநிறத்தை வெளியே கொண்டுவந்தார். ஆகவே முடியில் அடி காய்ந்திருந்தால் மட்டும் போதாது, மேற்பூச்சு காயுமுன் கீறி முடிக்கவும் வேண்டும். ஒரு துண்டுப் பலகையில் கீறிப் பாருங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

ஆசிரியர் அறைக்குச் சொல்ல ஒன்று: பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் அனுமதி வாங்கிப் படத்தின் முன் நின்று நகலெடுக்கிறார்கள். செசான், தெகா என்ற பெரிய பிரெஞ்சு ஓவியர்களும் அப்படிப் பழகியவர்கள்தான். நகல் மூலப்படத்தின் அளவில் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நீங்களும் சற்றுப் பெரிதாக வரையுங்கள், 30 செ.மீ. உயரம் போதும். பின்பக்கத்தில் ‘ரெம்ப்ராண்டைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, உங்கள் பெயரையும் ஆண்டையும் போட்டுவிடுங்கள்.